என்ஜினுக்காக அழுத பிள்ளைக்கு

சாமி,

கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளில் கடைசி வீட்டுக்கும் நேற்றுப் போய் வைத்துவிட்டு வந்தோம். இன்று காலையில் வகுப்பு எதுவும் வைத்துக்கொள்ளாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இது மருமகளாக வரப்போகிற நித்யாவின் யோசனை. வரவேற்புக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கப் போகிறாளாம். அதில் அவளுக்கு அவள் அப்பா ஒரு கடிதமும், உனக்கு நான் ஒரு கடிதமும் எழுத வேண்டுமாம். "எல்லாரும் படிப்பாங்க அத்தை, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் புரியற மாதிரி எழுதிடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுமையாகப் படி. உன் கம்பெனியின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. எழுதினால் நீ இங்கிலாந்திலிருந்தே சத்தம் போடுவாய்.

அஸ்தம்பட்டியில் நான் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தபோது உனக்கு நான்கு வயது. கற்றுக்கொடுப்பது பெண்ணாக இருந்தால் வீட்டுப் பெண்களைத் தைரியமாக அனுப்புவார்கள் என்று நினைத்தேன், நினைத்தபடியே நடந்தது. உன்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காரின் பின் சீட்டில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாய். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் ஏற்காடு ரோட்டில் ஒரு பேங்க் மேனேஜர் அம்மா வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் நீ நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆண்ட்டி, வண்டி கத்துது, மூணாவது கியர் போடுங்க" என்றாய். அந்த அம்மா பதறிப்போய்ப் போட்டார். வண்டி அமைதியாகிவிட்டது. அதற்கப்புறம் என்னிடம் படிக்க வந்தவர்கள் எல்லோரும் உன்னைச் சின்ன சார் என்றுதான் கூப்பிட்டார்கள். என்ஜின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வேண்டும் என்று சொல்கிற காது உனக்கு. அந்தக் காதுதான் உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்து, ஸ்போர்ட்ஸ் கார் மட்டுமே செய்கிற ஒரு கம்பெனி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது. மிதித்தால் வண்டி எப்படி இழுக்க வேண்டும், எந்த வேகத்தில் எந்த மாதிரி உறும வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்வதுதான் உன் வேலை என்றபோது, இதற்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறார்களா என்று உன் அப்பா ஒரு வாரம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ போன் செய்தாய். இனிமேல் புதிதாக என்ஜின் செய்யப்போவதில்லை, கொஞ்ச வருடத்தில் எல்லா வண்டியும் பாட்டரிதான் என்று கம்பெனியில் அறிவித்துவிட்டார்களாம். நீங்கள் செய்துகொண்டிருந்த என்ஜினைப் பரிசோதனை மேடையில் கடைசியாக ஒரு தடவை ஓடவிட்டு நிறுத்தினார்கள் என்றும், இருபது வருடம் அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று அது அடங்குகிற வரைக்கும் கேட்டார்கள் என்றும் சொன்னாய். சொல்லும்போதே உன் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அன்று மூன்று மணிக்கு வகுப்பு. ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் சாவியையும் வைத்துக்கொண்டு நான் சொன்னது இதுதான்: "ஒரு மெஷினுக்குப் போயா சாமி அழுவாங்க? குடுக்கற வேலையச் செய்யி." நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய்.

அடுத்த வருடமே எனக்கு அதன் அர்த்தம் தெரிந்தது. ஸ்கூல் ஆரம்பித்த நாளிலிருந்து என்னிடம் இருந்த வெள்ளைக் காரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டி வந்தது. உன்னிடம், அதை விற்றுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். இரும்புக் கடைக்காரர் வண்டியை உள்ளே கொண்டுபோக ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் செய்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்ட உன் அப்பாவிடம் தூசி என்று சொன்னேன். அன்றைக்கே உனக்குப் போன் செய்து, நீ அழுதது சரிதான், நான் பேசியதுதான் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. தப்பாகப் பேசியதைவிட, தப்பென்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் பார், அதுதான் பெரிய தப்பு. மூன்று வருடம் நீ வாராவாரம் போன் செய்தாய். சாப்பிட்டாயா, அங்கே மழையா, கால்வலி எப்படி இருக்கிறது. அதற்கு மேல் உன் வேலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு நீ வந்தபோது முகம் சரியில்லை. ஊரெல்லாம் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறபோது வருகிற கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நிச்சயம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் நித்யா வந்தாள். அவளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வெண்ணந்தூரில் தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், பல் டாக்டர். சேலத்தில் கிளினிக், தினமும் வந்துபோக ஒரு சின்னப் பாட்டரி கார் வைத்திருக்கிறாள். வாசலில் வண்டி வந்து நின்றது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. சமையலறைக்குள் வந்து, நான் ஊற்றிய தோசையை நின்றுகொண்டே சாப்பிட்டபடி, "அத்தை, அவரு கம்பெனி விசயம் உங்ககிட்டச் சொன்னாருங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தோசையை வைத்துவிட்டுச் சொன்னாள். பாட்டரி ஸ்போர்ட்ஸ் காரை எதிர்பார்த்த அளவுக்கு யாரும் வாங்குவதில்லையாம். அதனால் உன் கம்பெனி அந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, மூடிய என்ஜின் பிரிவை மறுபடியும் திறக்கிறதாம். அதற்குத் தலைவராக வரச்சொல்லி உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். "ராத்திரியெல்லாம் தூங்கறதில்லைங்க போல. என்கிட்டச் சொல்றாரு. ஆனா உங்ககிட்டச் சொல்லோணும்னுதான் அவருக்கு ஆசை" என்றாள். எனக்குக் கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்று காலை நடந்ததை உன் அப்பா தன் வாழ்நாள் சாதனையாகச் சொல்லிக்கொண்டிருப்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூல்காரியைக் கட்டியவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் மூன்று தடவை கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். முதல் தடவை ஒரு காம்பவுண்டுச் சுவர், இரண்டாவது தடவை ஒரு கரும்பு ஜூஸ் வண்டி, மூன்றாவது தடவைக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் நான்கு நாள் பேசிக்கொள்ளவில்லை. அவருடைய இடது காலுக்கும் கிளட்சுக்கும் ஒத்தே வராது. எடுத்தால் வண்டி தவளை மாதிரித் தாவி நின்றுவிடும். நித்யா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "மாமா, என் வண்டில கிளட்சே இல்லீங்க, வாங்க" என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கன்னங்குறிச்சிப் பக்கம் நான் வகுப்பெடுக்கும் மைதானத்துக்கு நாம் நான்கு பேரும் போனோம். அவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மெதுவாக மிதித்தார். வண்டி தாவவில்லை, நிற்கவும் இல்லை. நழுவுகிற மாதிரிப் போனது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. நிறுத்தச் சொல்லி நான் கை காட்டினால் அவரும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். பத்துச் சுற்றுக்கு மேல் போனதும், "போதுங்க மாமா, எனக்குத் தலை சுத்துது" என்று நித்யா கெஞ்சுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஒருவழியாக இறங்கி வந்தவர் உன் தோளில் கையைப் போட்டு, "முப்பது வருசமா எனக்கும் உங்கம்மாளுக்கும் நடுவுல இருந்தது அந்தக் கிளட்சு ஒண்ணுதான் சாமி" என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். ஊருக்கு வந்ததிலிருந்து நீ சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. நித்யாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு, ஏற்காடு வரைக்கும் போய்விட்டு வருவோம் என்று உன்னை ஏற்றிக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் வீட்டுக்குப் போனார்கள். பாட்டரி காரை நான் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. அடிவாரம் வரும் வரைக்கும் என் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடித் தேடித் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. "காலை மடக்கி வெச்சுக்கம்மா" என்று நீ சொன்னாய். மலை ஏற ஆரம்பித்ததும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியருக்கு மாற்று, என்ஜினை அணையவிடாதே என்று எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இந்த வண்டி ஒன்றும் கேட்காமல் ஏறியது. ஜன்னலைத் திறந்தால் டயர் சத்தமும் மரத்தில் குருவிச் சத்தமும்தான். நான்காவது வளைவோ ஐந்தாவது வளைவோ, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னிக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது சாமி. நீ அழுதது சரிதான்." வெள்ளைக் காரின் கதையையும் டீக்கடை பெஞ்சையும் சொன்னேன். "இதை ஏம்மா எனக்கு அப்பவே சொல்லல?" என்றாய். வெட்கமாக இருந்தது என்றேன். "எனக்கும்தான்" என்றாய்.

அதற்கப்புறம் மூன்று வருடத்துப் பேச்சும் மலைமேல் ஏறும் வரைக்கும் ஓடியது. முதன்முதலில் அந்தப் பாட்டரி ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்தபோது லிப்டில் போகிற மாதிரி இருந்தது, இதற்குப் போயா நான் என்ஜினை விட்டுக்கொடுத்தேன் என்று ஆத்திரம் வந்தது என்று சொன்னாய். பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டதாம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக எவ்வளவு விசை போக வேண்டும் என்று சொல்ல முடியும், சொன்னால் கண் இமைப்பதற்குள் அது கேட்கும், என்ஜினில் பத்து வருடமாகச் செய்ய முடியாததை இதில் ஒரு மத்தியானத்தில் செய்தேன் என்றபோது உன் கைகள் இரண்டும் காற்றில் வண்டி ஓட்டின. குறையையும் சொன்னாய். பாட்டரியின் எடைதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது, மேச்சேரி ஆடு மாதிரித் துள்ள வேண்டிய வண்டி எருமை மாதிரித் திரும்புகிறது என்றாய். அந்த மாதிரிக் கார் வாங்குகிறவர்கள் அதன் உறுமலுக்கும் கியர் மாற்றுகிற சுகத்துக்கும்தான் வாங்குகிறார்கள், அவர்களிடம் போய்ச் சத்தமில்லாத வண்டியைக் காட்டினால் ஸ்பீக்கரில் பொய்ச் சத்தம் வைத்துத் தருவீர்களா என்று கேட்கிறார்களாம். அவர்கள் கேட்பதும் தப்பில்லை என்றாய். நாற்பது பேர் இருந்த பாட்டரிப் பிரிவில் இனி ஆறு பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், அதையும் எப்போது மூடுவார்கள் என்று தெரியாது. என்ஜின் பக்கம் போனால் தலைவர் நாற்காலி இருக்கிறது, ஆனால் இன்னும் சில வருடத்தில் அரசாங்கம் ஏதாவது சட்டம் போட்டால் அதையும் மறுபடியும் நிறுத்துவார்கள். "எது பிடிக்கும்னு கேட்டா ரெண்டும் பிடிக்குதும்மா. அதுதான் பிரச்சனை. நீ என்ன சொல்றே?"

சாமி, இத்தனை வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு எப்போது திருப்ப வேண்டும், எப்போது மிதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும் எனக்கு. நாற்காலி இருக்கிற பக்கம் போ என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளை, வேறென்ன சொல்வாள் அம்மா. ஆனால் நீ கைகளைக் காற்றில் சுழற்றியதைப் பார்த்தபிறகு அதையும் சொல்ல முடியவில்லை. "எனக்குத் தெரியல சாமி" என்றேன். நீ திரும்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாய். "உன் வாயிலிருந்து இந்த வார்த்தை வரும்னு நான் நெனைக்கவே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாய். நானும் சிரித்தேன். எதிரே வந்த பஸ் டிரைவர் நம்மைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்துக்கொண்டு போனார்.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, இறங்கும்போது நீ ஓட்டினாய். பாதி வழியில்தான் நான் அதைக் கவனித்தேன். திரையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வண்டி கெட்டுவிட்டதோ என்று பயந்து உன்னைக் கேட்டேன். இறக்கத்தில் காலை எடுத்தால் சக்கரம் சுற்றுகிற சுற்றிலேயே மோட்டார் மின்சாரம் செய்து பாட்டரிக்கு அனுப்பும், ஏறும்போது செலவானதில் ஒரு பங்கு திரும்பி வரும் என்று விளக்கினாய். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இந்த மலையில் இறங்கும்போதெல்லாம் பிரேக் சூடேறுகிற வாடையை முகர்ந்து முகர்ந்து ஓரங்கட்டி நின்றவள் நான். ஒவ்வொரு வளைவிலும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சத்தமாகப் படித்தேன். அடிவாரத்துக்கு வந்ததும் இன்னொரு தடவை ஏறி இறங்கலாமா என்று கேட்டேன். நித்யா மத்தியானம் வேலைக்குப் போக வேண்டும், அவள் வண்டி இது என்று நீதான் ஞாபகப்படுத்தினாய்.

நீ இங்கிலாந்துக்குத் திரும்பிப்போய்ப் பத்து நாள் கழித்துப் போன் வந்தது. அந்த ஆறு பேரில் ஒருவனாகவே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாய். என்ஜின் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், இது என்ன சொல்லும் என்று இன்னும் தெரியவில்லை, அதைக் கேட்டுவிட வேண்டும் போல இருக்கிறது என்றாய். நித்யாவிடம் முதலிலேயே பேசிவிட்டாயாம், மூடிவிட்டால் ஊருக்கு வாருங்கள், என் கிளினிக்கில் டோக்கன் கொடுக்க ஆள் இல்லை என்று சொன்னாளாம். எனக்கு நூறு கேள்வி வந்தது. நூறையும் விழுங்கிவிட்டு, அந்த ஆறு பேரில் சமைக்கத் தெரிந்தவர் யார் என்று மட்டும் கேட்டேன். நீ ஒரு மணி நேரம் அவர்களைப் பற்றிச் சொன்னாய். அன்று மூன்று மணி வகுப்புக்கு நான் இருபது நிமிடம் தாமதமாகப் போனேன்.

கல்யாணத்துக்கென்று நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நித்யா என்றைக்காவது உன்னிடம் அழுதுகொண்டு வந்தால், இதற்குப் போயா என்று கேட்டுவிடாதே. கையில் சாவி இருந்தால் அதைக் கீழே வை. நீ பேசியது தப்பென்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடு, என்னை மாதிரி மூன்று வருடம் இழுக்காதே. வேலையைப் பற்றி எனக்கு இப்போதும் ஒன்றும் தெரியாது. உன் கம்பெனி மறுபடியும் மனதை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொண்டால் வருத்தமாகத்தான் இருக்கும். வருத்தப்படு, எனக்குப் போன் செய்து வருத்தப்படு.

போன வாரம் மத்தியானம் அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டிக்கொண்டிருந்தது புதிதாகச் சேர்ந்த ஒரு மருந்துக்கடைக்காரம்மா. உன் பெயர் போனில் வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். உங்கள் வண்டியில் எடையைக் கொஞ்சம் குறைத்துவிட்டீர்களாம், முதல் தடவையாக ஓட்டிப் பார்க்கிறீர்களாம். உன்னோடு வேலை செய்கிறவர் ஓட்ட, நீ பக்கத்து சீட்டில் இருந்தாய். "எதுவும் பேசாதம்மா, கேளு" என்றாய். ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் ஒன்றுமே இல்லை. அப்புறம் டயர் ரோட்டைப் பிடிக்கிற சத்தம், காற்று, ஏதோ ஒரு வளைவில் வண்டி சட்டென்று திரும்பியிருக்க வேண்டும், அதற்கப்புறம் நீ. ஆறு வயதில் ஊஞ்சலில் சிரித்த அதே சிரிப்பு. எந்த என்ஜினும் குறுக்கே இல்லாததால் முழுசாகக் கேட்டது. போன் நின்றது. மருந்துக்கடைக்காரம்மா தயங்கித் தயங்கி, "பையனுங்களா? என்னங்க வேலை பண்றாரு?" என்று கேட்டார்.

"சிரிச்சுக்கிட்டு இருக்கானுங்க" என்றேன். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்து வண்டியை எடுக்கச் சொன்னேன்.

உன் அம்மா